அன்னூர் மாமாவின் தொண்டையும் மூன்று நட்சத்திரங்களும்

அன்புள்ள மகளே,

அண்ணன் பெற்ற பெண்ணை மகள் என்று கூப்பிட எனக்கு எவனுடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் நீ என்னைச் சித்தப்பன் என்று வைத்திருக்கிறாயா, இல்லை ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டாயா என்பதுதான் நேற்று முதல் சந்தேகமாக இருக்கிறது. நேற்றுக் காலை உன் அப்பன் என் கம்பெனிக்கு வந்தார். காபியை ஆறவிட்டார். மேசைமேல் கிடந்த பம்ப்செட் விலைப்பட்டியலை ஏதோ பஞ்சாங்கம் மாதிரி முன்னும் பின்னும் புரட்டினார். கடைசியில் கேட்டார்: "ஏண்டா, வர்ற வியாழக்கெழம உனக்கு வெளியூர்ல ஏதாச்சும் சோலி இருக்குதா?" "இல்லீங்கண்ணா. அன்னைக்கு நம்ம அம்மணிக்கு டாக்டர் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வாச்சுங்களே. காலேஜுக்கு வாரேனுங்க." "அதுக்குத்தான் கேக்கறேன். ஏதாச்சும் ஒரு சோலிய உண்டு பண்ணிக்க." நான் அவர் முகத்தையே பார்த்தேன். அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். "அம்மணிதான் சொல்லச் சொல்லுச்சு. நீ வந்தா வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டயாமா. சாயங்காலம் மண்டபத்துல விருந்து இருக்குது, அதுக்கு நேரா வந்துரு."

அதாவது என் வயிற்றுக்கு அழைப்பு உண்டு, வாய்க்குக் கிடையாது. உலக சரித்திரத்தில் எத்தனையோ பேரரசர்கள் அவமதிக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி எனக்கு முன்னால் கொண்டுவந்தால், என் கதையைக் கேட்டுத் தங்கள் கதையைச் சொல்ல வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். இந்த ஜில்லாவில் ஓட்டுரிமை உள்ள ஒவ்வொருவனுக்கும் உன் அப்பன் தங்க ஜரிகை போட்ட பத்திரிகை வைத்திருக்கிறார். குலதெய்வத்தின் திருவருளால், எங்கள் மகளின் பொது வாய்மொழித் தேர்வு, இரு வீட்டார் அழைப்பு என்று போடாததுதான் பாக்கி. அன்னூர் நால்ரோட்டில் ஃப்ளெக்ஸ் வேறு. கருப்பு அங்கி போட்டு, பின்னால் அலை அடிக்கும் கடலும் ஒரு சிங்கமும் வைத்து உன் படம். ஆய்வேட்டுக்கு ஃப்ளெக்ஸ் வைத்த முதல் வம்சம் இந்த பூமியில் நம்முடையதாகத்தான் இருக்கும். அந்த சிங்கத்துக்கு அழைப்பு இருக்கிறது. எனக்கு இல்லை.

ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். நம் சொந்தம் மொத்தத்துக்கும் தெரியும். அதனால்தான் இதைப் பகிரங்கக் கடிதமாகவே எழுதுகிறேன். மறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. விஷயம் தெரியாத ஒரே ஜீவன் வெளியூரிலிருந்து உன்னைச் சோதிக்க வரும் அந்தப் பரீட்சகர் மட்டும்தான். பாவம், ரயிலில் வருகிறாராம்.

சொந்தத்தில் படிக்கத் தெரியாதவர்களுக்காக உன் ஆராய்ச்சி என்னவென்று நானே சொல்லிவிடுகிறேன். உன்னைச் சொல்ல விட்டால் விருந்து ஆறிவிடும். கம்ப்யூட்டரில் ஒரு வியாபார விளையாட்டு. இல்லாத கம்பெனிக்கு ஒவ்வொரு அணியும் முதலாளி. இல்லாத சரக்குக்கு விலை போட வேண்டும், இல்லாத பத்திரிகையில் விளம்பரம் செய்ய வேண்டும், இல்லாத ஆட்களுக்கு வேலை கொடுக்க வேண்டும். மூன்று மாதக் கணக்கை ஒரு சுற்றில் முடித்து, எவன் வென்றான், எவன் திவால் என்று மெஷின் சொல்லும். இது போதாதென்று, இந்த விளையாட்டு ஆடினால் நிர்வாகத் திறமை வருமா வராதா என்று ஆராய்ச்சி செய்ய உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேராசிரியர்கள். ஆடாமலே சொல்லலாம் என்று எவனும் அவர்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. அவர்கள் எழுதிய கட்டுரைகளை நீ உன் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் வரிசையாக வைத்திருக்கிறாய். நான் படித்தேன். சத்தியமாகப் படித்தேன். ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு தூங்கும் பஸ் பயணிகள் மாதிரி இருந்தது. அவர் சொன்னதை இவர் சொல்கிறார், இவர் சொன்னதை அவர் ஆமோதிக்கிறார், எவருமே எந்த ஊரில் இறங்குவது என்று பார்க்கவில்லை.

நீ மாணவர்களை வைத்து மட்டும் ஆடியிருந்தால் தப்பித்திருப்பாய். அனுபவசாலிகளான தொழிலதிபர்களும் வேண்டும், இரண்டு தரப்பையும் புள்ளியியல் வைத்து ஒப்பிட வேண்டும் என்று உன் கைடு சொல்லிவிட்டார். தொழிலதிபர்களுக்கு நீ எங்கே போனாய்? அம்மாவின் போனை வாங்கி, நம் சொந்தத்தில் பத்திரிகை வைக்கிற வரிசையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாய். புள்ளியியலில் இதற்கு ஏதோ அழகான பெயர் சொன்னாய். நம் ஊரில் இதற்கு மொய் வரிசை என்று பெயர். ஒரு சனிக்கிழமை காலையில் பன்னிரண்டு அணிகளாக உன் காலேஜ் ஏசி அறைக்குள் வந்து உட்கார்ந்தோம். நூல் மில், பவுண்டரி, கிரைண்டர், கோழித்தீவனம், ஹாலோ பிளாக். ஒரு பக்கம் பங்காளிகள், ஒரு பக்கம் மாமன் மச்சான்கள். நடுவில் உன் அம்மாவின் அண்ணன், அன்னூர் மாமா. அந்த அறையில் பாதிப் பேருக்கு அவர் தாய்மாமன், மீதிப் பேருக்குப் பெண் கொடுத்தவர். வெள்ளை வேட்டி கசங்காமல் அவர் உட்கார்ந்த தோரணைக்கே கம்ப்யூட்டர் ஒரு தரம் அணைந்து எரிந்தது.

விளையாட்டில் நாங்கள் விற்க வேண்டிய சரக்கு, பனி கொட்டுகிற ஒரு நாட்டில் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர். மதுக்கரை வெயிலிலும் சிமெண்ட் தூசியிலும் பிறந்து வளர்ந்தவனையெல்லாம் கூப்பிட்டு ஹீட்டர் விற்கச் சொன்ன மூளைக்கு ஒரு கும்பிடு. முதல் சுற்றில் எல்லோரும் மானத்தோடு சண்டை போட்டோம். நான் என் கற்பனைத் தொழிலாளிகள் அத்தனை பேருக்கும் கற்பனை தீபாவளி போனஸ் கொடுத்துக் கம்பெனியை அரை மணி நேரத்தில் மண்ணோடு மண்ணாக்கினேன். மற்றவர்கள் ஒருவர் விலையைப் பார்த்து ஒருவர் குறைத்துக் குறைத்து என் பக்கத்திலேயே வந்து விழுந்தார்கள். மெஷின் பன்னிரண்டு கம்பெனிக்கும் சிவப்பு எழுத்தில் நஷ்டம் காட்டியது.

அப்போதுதான் அன்னூர் மாமா எழுந்தார். "ஏனுங்க மாப்ளைங்களா, இது நம்மூட்டுக் காசா இருந்தா இப்படிச் செய்வீங்களா? ஒருத்தன் பொழப்புல ஒருத்தன் மண்ணள்ளிப் போட்டு, கடைசில வெள்ளைக்காரனுக்கு ஓசில ஹீட்டர் குடுத்துட்டுப் போறதுக்கா வண்டி வெச்சுக்கிட்டு வந்தோம்?" துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் ஒரு வெல சொல்றேன். அதவிட ஒரு ரூவா கொறைக்கறவன் இனி என்ற ஊட்டு விசேசத்துக்கு வர வேண்டாம்." ஹாலோ பிளாக் போடுகிற மதுக்கரை மாப்பிள்ளை பயந்து பயந்து சொன்னான்: "மாமா, இது டாலருங்க." "டாலரா இருந்தா என்ன, அதுக்கும் மருவாதி இல்லையா?" மாமா விலையைச் சொன்னார். பன்னிரண்டு கீபோர்டிலும் ஒரே நேரத்தில் அந்த விலை விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மதுக்கரையான் அதோடு விட்டானா? "ஏனுங்க மாமா, வெளம்பரத்துக்கும் நீங்களே ஒரு தொகை சொல்லிப்போடுங்க, எதுக்கு ரோசனை."

நீ அங்கேதான் நின்றாய். அணிகள் தமக்குள் பேசிக்கொள்ளக் கூடாது என்று நீயே அச்சடித்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் கைடு பக்கத்து அறையில், எங்களைப் பற்றி ஏதோ மாநாட்டுக்கு முன்கூட்டியே கட்டுரைச் சுருக்கம் எழுதிக்கொண்டிருந்தார். நீ மெல்ல மாமா பக்கம் வந்தாய். "மாமா... அது வந்துங்க மாமா..." அவர் திரும்பினார். "என்ன சாமி, காப்பி வந்துருச்சா?" கையிலிருந்த தாளை நாலாக மடித்தாய். பிறகு சொன்னாய்: "இதோ வந்துட்டே இருக்குதுங்க மாமா."

அந்த இடத்தில், மகளே, உன் ஆராய்ச்சி செத்தது. காபி மட்டும் வந்தது.

அது செத்ததைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை. நம் ஊரில் பிறந்த எந்தப் பெண்ணாலும் தாய்மாமனிடம் 'பேசாதீங்க' என்று சொல்லியிருக்க முடியாது. இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவனையே கூட்டிவந்து, வேட்டி கட்டி, அன்னூரில் ஒரு காதுகுத்தில் உட்கார வைத்தாலும், மாமா வாயைத் திறந்ததும் அவனும் அந்த விலையைத்தான் தட்டியிருப்பான். எனக்குக் கோபம் வேறு இடத்தில். செத்ததை எடுத்து, குளிப்பாட்டி, பட்டுக் கட்டி, மேடையில் உட்கார வைத்திருக்கிறாயே, அங்கே. உன் ஆய்வேட்டில் நான்காம் அத்தியாயத்தில் ஒரு வரி இருக்கிறது: "அணிகள் ஒன்றையொன்று கலந்தாலோசிக்காமல், சுயேச்சையாக முடிவெடுத்தன." அதைப் படித்தபோது என் கண்ணாடி தானாகக் கழன்று விழுந்தது. பன்னிரண்டு அணி என்று எழுதியிருக்கிறாய். அங்கே இருந்தது ஒரு மாமாவும் பதினொரு டைப்பிஸ்டும்.

அடுத்து வருகிறது உன் மகத்தான கண்டுபிடிப்பு. மாணவர்களின் விலைகள் நாலா பக்கமும் சிதறுகின்றனவாம். அனுபவசாலிகளின் விலைகள் ஒரே புள்ளியில் வந்து குவிகின்றனவாம். ஆகவே அனுபவம் தீர்ப்பை முதிரச் செய்கிறதாம். அட்டவணையில் அதன் பக்கத்தில் மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறாய். அது தற்செயலாக வந்திருக்க முடியாது என்பதற்கு அதுதான் முத்திரை என்று நீயே ஒருமுறை எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். தற்செயல் இல்லைதான் கண்ணு. மாமா சொன்னார், வந்தது. அதற்கு மூன்று நட்சத்திரம் என்றால், அவர் காபி கேட்டதற்கு நாலு கொடுத்திருக்க வேண்டும்.

போன மாதம் உன் கைடு நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தாரே, அவருடைய பேச்சைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மனிதர் ஆட்டுக்கறி வறுவலை ஒரு கையாலும், கோயமுத்தூரின் பெருமையை மறு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "சார், இவ்வளவு சுத்தமான டேட்டாவ நான் என் சர்வீஸ்ல பார்த்ததே இல்ல சார். எல்லாரும் ஒரே விலை! கொங்கு மண்ணோட உள்ளுணர்வு சார் இது." நான் சொன்னேன்: "உள்ளுணர்வு இல்லீங்க. அது எங்க அன்னூர் மாமாவோட தொண்டைங்க." அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பிரமாதமான ஹ்யூமர் சார் உங்களுக்கு." உண்மையைச் சொன்னால் சிரிக்கிறவரிடம் மேலே என்ன பேசுவது? நான் உன்னைப் பார்த்தேன். நீ அவர் இலையில் இன்னும் கொஞ்சம் வறுவல் வைத்தாய். அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். அப்புறம்தான் நீயே போனில் சொன்னாய், நடந்ததை எப்போதோ அவரிடம் சொல்லிவிட்டதாகவும், "அதையெல்லாம் எழுதினா ஸ்டார் போயிடும்மா" என்று அவர் சொன்னதாகவும். ஆக, தெரிந்துதான் சிரித்திருக்கிறார். அந்த நடிப்புக்கு அவருக்கு சினிமாவில் நல்ல எதிர்காலம் உண்டு. புள்ளியியலில் இருந்து சீக்கிரம் கிளம்பினால் இரண்டு துறைக்கும் நல்லது.

இதெல்லாம் ஒரு காகிதத்தோடு போனால் நானும் சிரித்துவிட்டு விருந்துக்கு வந்திருப்பேன். ஆனால் உன் முடிவுரையில் ஒரு சிபாரிசு செய்திருக்கிறாய். இனி அந்தக் காலேஜில் இந்த விளையாட்டுக்கு மார்க் உண்டாம். எங்கள் விலைக்கு எவ்வளவு பக்கத்தில் மாணவன் விலை போடுகிறானோ அவ்வளவு மார்க்காம். அடி அம்மணி! எவளோ ஒரு பெண் கணக்குப் போட்டு, விலையைக் கொஞ்சம் குறைத்து, அந்தக் குளிரில் நடுங்குகிற ஜனங்களுக்கு நிறைய ஹீட்டர் விற்று நியாயமாக ஜெயிப்பாள். அவளைப் பார்த்து முதிர்ச்சி இல்லை என்று மார்க்கைக் குறைப்பீர்கள். ஏன்? அவளுக்கு அன்னூர் மாமா மாமா இல்லை என்பதால். நாங்கள் கூடிப் பேசி ஊரை ஏமாற்றுவதை எங்களோடு வைத்துக்கொண்டோம். நீ அதற்குப் பாடத்திட்டம் போட்டுவிட்டாய்.

நீ இப்படிப் பிறக்கவில்லை. அந்தியூர்ச் சந்தைக்கு உன்னை முதன்முதலாகக் கூட்டிப்போனேன், அப்போது நீ என் இடுப்புக்கு மேல் வளரவில்லை. தரகனும் மாடு வாங்க வந்தவரும் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே நிற்கிறவனுக்கு விலை தெரியக் கூடாது, அதுதான் அங்கே முறை. நீ என் கையை உதறிவிட்டுப் போய், அந்தத் துண்டுக்குள் தலையை விட்டு, இரண்டு பேர் விரலையும் எண்ணி, சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி விலையைக் கத்தினாய். தரகன் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருக்க வேண்டும். "ஏனுங்க, இது உங்கூட்டுப் புள்ளைங்களா?" என்று கேட்டான். எனக்கு அன்றைக்கு இருந்த கர்வத்தில் அந்த மாட்டை, தரகனை, சந்தையை, அந்தியூரையே விலைக்கு வாங்கியிருப்பேன். அந்தப் பெண்தான் இன்றைக்கு இருபது பேர் உட்காரும் ஒரு ஏசி ஹாலில் வாய் திறக்கப் பயப்படுகிறாள். படிப்பு ஒரு மனுஷியை என்னவெல்லாம் செய்துவிடுகிறது பார்.

போனில் நீ அழுதது எனக்குத் தெரியும். "இப்பச் சொன்னா எல்லாத்தையும் மறுபடி எழுதச் சொல்லுவாங்க சித்தப்பா. இன்னொரு வருசம் ஆயிருமுங்க. காலேஜுல தர்றேன்னு சொன்ன வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. அப்பா ஊரெல்லாம் பத்திரிக வெச்சுட்டாரு." நீ சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. மறுபடி எழுதச் சொல்வார்கள். வேலை போனாலும் போகும். உன் அப்பன் அந்த ஃப்ளெக்ஸைக் கழற்றி மாட்டுக் கொட்டகைக்குக் கூரை போடுவார், சிங்கம் சாணிக்கு மேலே நின்று கர்ஜிக்கும். இதெல்லாம் நடக்காது என்று சொல்லி உன்னை ஏமாற்ற எனக்கு மனமில்லை. அதற்குத்தான் நீ ஒரு கைடு வைத்திருக்கிறாய்.

ஆனால் ஒன்றைக் கேள். இத்தனை கட்டுரைகள் எழுதிக் குவித்த அந்தப் பேராசிரியர் கூட்டத்தில் ஒருவனாவது உன் அளவுக்கு ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறானா? ஒருவரை ஒருவர் தெரியாத ஆட்களுக்காகக் கட்டின விளையாட்டுக்குள் ஒரு தாய்மாமன் நுழைந்தால் என்ன ஆகும் என்று உன் எதிரிலேயே நடந்தது. போட்டி எப்படிச் சாகிறது, விலை எப்படிப் பிறக்கிறது, கூடாது என்று எழுதின தாளைக் கையில் வைத்திருக்கிறவளே எப்படிக் காபி கொண்டுவரக் கிளம்புகிறாள், எல்லாம். இந்த ஊரில் எத்தனை டெண்டர், எத்தனை கூலி, எத்தனை சரக்கு விலை இப்படித்தான் நிர்ணயமாகிறது என்று உனக்குத் தெரியாதா? அதை எழுதியிருந்தால் நானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நால்ரோட்டில் கம்பம் ஏறி இன்னொரு சிங்கம் வைத்திருப்பேன். கையில் கிடைத்ததை விட்டுவிட்டு மூன்று நட்சத்திரத்துக்குப் போய்விட்டாய். உன் மேல் எனக்கு இருக்கும் இளக்காரம் மொத்தமும் இதற்குத்தான். முட்டாளாக இருந்தால் மன்னித்திருப்பேன்.

நேற்று உன் அப்பனிடம் ஒரு கேள்வி கேட்டேன். "அண்ணா, அன்னைக்கு அந்த ரூமுல நீங்களும் இருந்தீங்கல்ல?" "இருந்தேன்." "மாமா சொன்ன வெலையத்தான போட்டீங்க?" "வேறெதப் போடச் சொல்ற? மச்சான் முறைடா." "அம்மணி இப்போ பொய்யெழுதிப் பட்டம் வாங்குது, உங்களுக்குச் சரியாப் படுதுங்களா?"  அண்ணன் ஆறிய காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொன்னார்: "எனக்குச் சரியாப் படல. ஆனா அத எப்படிடா அவகிட்டச் சொல்றது?" பார்த்தாயா, நம் வம்சம் மொத்தமும் ஒரே வியாதிக்காரர்கள். மாமாவிடம் உன்னால் சொல்ல முடியவில்லை, உன்னிடம் அப்பனால் சொல்ல முடியவில்லை. மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டு எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறோம். எனக்கு மட்டும்தான் மரியாதை தெரியாது என்று ஊரே சொல்கிறது. அதனால் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

ஆகவே வியாழக்கிழமை வாரேன். எனக்கு எந்த ஊரிலும் எந்தச் சோலியும் இல்லை. பொது வாய்மொழித் தேர்வு என்று உன் அப்பன் அடித்த பத்திரிகையிலேயே போட்டிருக்கிறது. பொது என்றால் நான்தான். நீ படம் போட்டு, அட்டவணை காட்டி முடித்ததும், பார்வையாளர்கள் யாராவது கேள்வி கேட்கலாம் என்று சம்பிரதாயத்துக்குச் சொல்வார்கள். அதற்கு முன்னால் நீயே உன் வாயால் நடந்ததைச் சொல்லிவிட்டால், நான் கை தட்டிவிட்டு உட்கார்ந்திருப்பேன். சொல்லாவிட்டால் எழுந்திருப்பேன். சித்தப்பன் மறைத்து வைத்து அடித்தான் என்று நாளைக்கு நீ சொல்லக் கூடாது, அதனால் கேள்வியை இப்போதே தந்துவிடுகிறேன்: "ஏனுங்க அம்மணி, சுயேச்சையா முடிவெடுத்த இந்தப் பன்னெண்டு அணியில, உங்களுக்குச் சொந்தம் இல்லாத ஆளு யாராச்சும் ஒருத்தரு உண்டுங்களா?"

நீ பதில் சொல்லும்வரை நின்றுகொண்டிருப்பேன். எனக்கு முழங்கால் வலி கண்ணு. ரொம்ப நேரம் நிற்க வைத்துவிடாதே.

உன் சித்தப்பன்